மூக்கு கழுவினா மிளகாய் பட்ட மாதிரி எரியுது, காதும் அடைச்சுக்குது – எங்க தப்பு பண்றேன்?

பனியன்கட்டிங்:

வணக்கமுங்க. எனக்கு 36 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் பார்க்கறேன். பதினோரு வருசமா பஞ்சுத்தூசிக்குள்ளயே பொழப்பு. மாஸ்க் இருக்கு, ஆனா மெஷின் சத்தத்துல ஆளுங்களக் கூப்பிடணும்னா அதைக் கழுத்துக்கு இறக்கித்தான் ஆகணும். ரெண்டு வருசமா காலையில எந்திரிச்சா புருவத்துக்கு மேல கல்லு வெச்ச மாதிரி கனம். குனிஞ்சு செருப்பு மாட்டினா கன்னத்துக்குள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. மெடிக்கல்ல வாங்கற சொட்டு மருந்து ரெண்டு சொட்டு விட்டாத்தான் ராத்திரி தூக்கம்.

போன மாசம் யோகா வகுப்புல கெண்டி மாதிரி ஒரு குவளை கொடுத்து ஜலநேத்தி, அதான் உப்புத் தண்ணி விட்டு மூக்கு கழுவறது, பண்ணச் சொன்னாங்க. எங்க வீதியில போர்ல வர்றதே உப்புத் தண்ணிதான், அதனால அதுலயே ஒரு சிட்டிகை உப்பு போட்டு விட்டேன். உச்சந்தலை வரைக்கும் எரிச்சல். உடனே ஒரு மூக்கை அமுக்கிப் பிடிச்சு பலமாச் சிந்தினேன், வலது காது டப்புன்னு அடைச்சுக்கிச்சு. ரெண்டு நாள் அப்படியே இருந்துச்சு. இதைத் தொடரலாமா, விட்டுடலாமா?

காலைநடை:

எட்டு வருஷமாகச் செய்கிறேன், தொடருங்கள். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. வாஷ்பேசினுக்கு மேல் நன்றாகக் குனிந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மேலே இருக்கிற மூக்கில் ஊற்றுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். தண்ணீர் மறுபக்கம் தானாக இறங்கும். ஊற்றும்போது பேசினாலோ விழுங்கினாலோ தொண்டைக்குப் போய்விடும். நான் கேன் தண்ணீரை அப்படியே பயன்படுத்துகிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

ஊட்டிநர்ஸம்மா:

தம்பி, காது மூக்கு தொண்டை வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ நான். முதல்ல தண்ணி விஷயம், ஏன்னா எனக்குப் பயமே அதுலதான்.

போர் தண்ணி, குழாய்த் தண்ணி, கேன் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி எதையும் கொதிக்க வைக்காம மூக்குல விடாதீங்க. மேல எழுதினவருக்கும் இதையே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். நெக்லேரியா ஃபௌலெரின்னு ஒரு அமீபா நன்னீர்ல இருக்கு. குடிச்சா அது ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியாப் போனா வாசனை நரம்பைப் பிடிச்சு மூளைக்கு ஏறிடும். அரிதுதான், ஆனா வந்தவங்க பிழைக்கறது அதைவிட அரிது. 2011-ல அமெரிக்காவில லூசியானா மாநிலத்துல ரெண்டு பேர் குழாய்த் தண்ணியில இதே மாதிரி மூக்கு கழுவித்தான் இறந்தாங்க. 2024-ல பக்கத்துக் கேரளாவிலயே இந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைங்க பலியானாங்க. அதனால தளதளன்னு கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் முழுசாக் கொதிக்கணும். எங்க ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும், நான் மூணு நிமிஷம் விடுவேன். மூடி வெச்சு ஆற வெச்சு, மணிக்கட்டுல விட்டுப் பார்த்தா சூடும் தெரியாம குளிரும் தெரியாம இருக்கும்போது எடுங்க. மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீங்க. பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டரையும் சிலர் வாங்கி விடறாங்க, அது மூக்குக்கானது இல்ல.

எரிச்சலுக்குக் காரணம் உப்பு பத்தாததுதான். நம்ம உடம்புத் திரவத்தைவிட உப்பு குறைஞ்ச தண்ணி உள்ளே பட்டா மூக்குச் சவ்வுல இருக்கற செல்லுங்க அதை உறிஞ்சி வீங்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கணும், டிரிப் ஏத்தற சலைன்ல இருக்கற அதே அளவு. போர் தண்ணியோட உப்புக்கரிப்பு சுண்ணாம்பும் மக்னீசியமும் எல்லாம் கலந்தது, அதைக் கணக்குல சேர்க்காதீங்க. கல் உப்பு எடுத்தா மண் இருக்கும், கரைச்சு வடிகட்டி அப்புறம் கொதிக்க வைங்க. இன்னும் எரிஞ்சா ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துக்கலாம். மெடிக்கல்ல இதுக்குன்னே பாக்கெட்டும் விக்குது.

காது அடைச்சது நீங்க ஒரு பக்கம் அமுக்கிச் சிந்தினதால. மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு ஒரு குழல் போகுது, அழுத்தம் அதுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு மூக்கையும் திறந்தே வெச்சு, குனிஞ்சு, மெதுவா ஊதுங்க. மூக்கு முழுசா அடைச்சிருக்கற நாள்ல, காது வலிக்கற நாள்ல வேண்டாம்.

அந்தச் சொட்டு மருந்துதான் எனக்கு ரொம்ப உறுத்துது. மூக்கடைப்பைத் திறக்கற சைலோமெட்டாசோலின் வகைன்னா அஞ்சு நாள், மிஞ்சினா ஒரு வாரம். அதுக்கு மேல போனா மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமா வீங்கும். நீங்க சொல்ற அடைப்புல பாதி அந்தச் சொட்டு உண்டாக்கினதா இருக்கலாம். எத்தனை பேர் பையில அந்தச் சின்ன பாட்டிலோட எங்க வார்டுக்கு வந்தாங்கன்னு கணக்கே இல்ல. டாக்டரைப் பார்த்து அதை விடற வழியைக் கேளுங்க, கேமரா விட்டு உள்ளே பார்க்கட்டும். கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை ரெண்டாத் தெரியறது, கடுங்காய்ச்சலோட தலைவலி வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காலைநடை:

கேன் தண்ணீரைப் பற்றி எனக்கு இது தெரியாதம்மா. நாளை முதல் கொதிக்க வைத்தே பயன்படுத்துகிறேன்.

மேல்வரிசைப்பல்:

ஒரு பக்கம் மட்டும் நாத்தத்தோட சளி வந்தா பல்லையும் பாருங்க அண்ணா. எனக்கு ஒன்றரை வருஷம் சைனஸ்னு மாத்திரை சாப்பிட்டேன், கடைசியில மேல் கடைவாய்ப் பல் வேர்ல சீழ். அந்த வேர் கன்னத்து சைனஸுக்கு அடியிலயே இருக்காம். வேர் சிகிச்சை பண்ணின பிறகுதான் நின்னுச்சு.

பனியன்கட்டிங்:

மூணு வாரம் கழிச்சு எழுதறேனுங்க. எங்க கம்பெனியில துணிக்கு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு) பார்க்கற தராசு இருக்கு, கிராமுல நூறுல ஒரு பங்கு வரைக்கும் காட்டும். அதுல 9 கிராம் எடை போட்டு சின்னச் சின்னக் கவர்ல கட்டி வெச்சுட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் கழுவறேன். சுத்தமா எரியலைங்க. முதல் நாள் வெளிய வந்த சளியில நீலக் கலர் பஞ்சு இருந்துச்சு, அன்னைக்கு நாங்க வெட்டினது நேவி ப்ளூ துணி. பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசின்கிட்டயே நின்னுட்டேன்.

டாக்டர் பல்லுல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. மூக்கோட நடுத்தண்டு லேசா வளைஞ்சிருக்கு, இப்ப ஆபரேஷன் வேண்டாம்னு ஒரு ஸ்ப்ரே கொடுத்தாரு. கழுவின பிறகு அடிக்கணுமாம், முன்னாடி அடிச்சா மருந்து தண்ணியோட போயிடுமாம். சொட்டு மருந்தை நிறுத்தின முதல் அஞ்சு ராத்திரி உக்காந்தே தூங்கினேன். ஆறாவது ராத்திரி படுத்தேன். புருவக் கனம் பாதி குறைஞ்சிருக்கு. அம்மா, ஒரே ஒரு சந்தேகம்: கழுவி ரெண்டு மணி நேரம் கழிச்சு துணி எடுக்கக் குனிஞ்சா மூக்குல இருந்து தண்ணி கொட்டுதே?

ஊட்டிநர்ஸம்மா:

சைனஸ் குழியில தங்கினது தம்பி, பயப்படாதீங்க. கழுவி முடிச்சதும் தலையை நல்லாத் தொங்கப் போட்டு ரெண்டு பக்கமும் திருப்பிட்டு எந்திரிங்க. குவளையையும் கொதிச்ச தண்ணியிலயே அலசி, கவுத்துக் காய வைங்க. அதை வீட்ல வேற யாரும் எடுக்க வேண்டாம்.