லா ஸ்கூல் முதல் வருடம்: செக்‌ஷன், கர்வ், ஸ்காலர்ஷிப் நிபந்தனை – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டெக்சஸ்_புதுவரவு:
குடும்பத்தோடு இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் சென்னையில் பி.காம். முடித்தவள். எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) எழுதி, வரும் ஆகஸ்டில் ஜே.டி. (இங்குள்ள சட்டப் பட்டம்) சேருகிறாள். கல்லூரி மெயிலில் ‘செக்‌ஷன் 2’ என்று போட்டிருக்கிறார்கள், மாற்ற முடியாதாம். ஸ்காலர்ஷிப் கடிதத்தில் ஜி.பி.ஏ. (எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி) 3.0க்குக் குறையக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. எப்போதும் முதல் வகுப்பில் வருகிறவளுக்கு இது ஒரு விஷயமா? செக்‌ஷன் எப்படிப் பிரிக்கிறார்கள், மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

கேஸ்புக்_சுமைதாங்கி:
சார், நம் ஊரில் நன்றாகப் படிக்கிறவர்களை ஏ செக்‌ஷனில் போடுவார்களே, அது இங்கே கிடையாது. எல்லாத் தரப்பு மாணவர்களும் கலந்து வரும்படி கல்லூரியே பிரித்துவிடும். ஹார்வர்டில் ஒரு வருடத்துக்குச் சுமார் 560 பேர், ஏழு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 80 பேர். யேலில் முதல் பருவத்தில் ஒரு பாடத்தைப் பதினைந்து, பதினாறு பேர் கொண்ட சிறு குழுவாக நடத்துவார்கள். ஜார்ஜ்டவுனில் செக்‌ஷன் 3க்கு மட்டும் பாடத்திட்டமே வேறு. மற்ற இடங்களில் பெரும்பாலும் 60 முதல் 100 பேர் வரை இருப்பார்கள்.

ஒரே செக்‌ஷனில் இருப்பவர்களுக்கு டைம்டேபிளும் ஒன்றுதான், பேராசிரியர்களும் அவர்களேதான். காண்ட்ராக்ட்ஸ், டார்ட்ஸ் (ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கோரும் சட்டம்), சிவில் புரொசீஜர், கிரிமினல் லா, பிராப்பர்ட்டி, கான்ஸ்டிடியூஷனல் லா ஆகியவை இரண்டு பருவத்தில் பிரிந்து வரும். எந்தப் பாடத்தை யாரிடம் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதல் வருடத்தில் அநேகமாக இருக்காது. லீகல் ரைட்டிங் வகுப்புக்கு மட்டும் செக்‌ஷனை மறுபடி சின்னச் சின்னக் குழுவாக உடைப்பார்கள்.

செக்‌ஷனைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த 80 பேரோடுதான் உங்கள் மகளுடைய மார்க் ஒப்பிடப்படும். பக்கத்து செக்‌ஷனில் வேறு பேராசிரியர், வேறு வினாத்தாள், தனிக் கணக்கு.

கர்வ் என்றால் வகுப்போடு ஒப்பிட்டு மார்க் போடும் முறை. அதை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். 100 மதிப்பெண் தாளில் செக்‌ஷனிலேயே அதிகம் 71, நட்டநடுவில் இருப்பவர் 48. நம் பல்கலைக்கழகக் கணக்கில் 48 என்றால் சுமாரான மார்க்தான். இங்கே கல்லூரி விதிப்படி நடு மார்க் பி பிளஸ் என்றால் அந்த 48தான் பி பிளஸ். அதே ஆள் அடுத்த பருவம் சுலபமான தாளில் 80 எடுத்து, செக்‌ஷனில் பாதிப்பேர் 85ஐத் தாண்டியிருந்தால் அது பி ஆகிவிடும், பி மைனஸாகவும் ஆகலாம். வகுப்பு என்ன எடுத்தது என்பதுதான் கணக்கு. எத்தனை பேருக்கு ஏ கொடுக்கலாம் என்பதைக் கல்லூரி விதி தீர்மானிக்கும், பேராசிரியரின் தாராள மனசுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொன்று, மார்க்குகள் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 46க்கும் 50க்கும் இடையில் இருபது பேர் இருந்தால், பி எங்கே முடிகிறது, பி பிளஸ் எங்கே தொடங்குகிறது என்பது ஒரு மதிப்பெண் விஷயம். கடைசிக் கேள்வியை அரைகுறையாக விட்டவர் ஒரேயடியாகக் கீழே போவது அதனால்தான்.

அவுட்லைன்_அக்கா:
மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை: ஒரு கல்லூரி மார்க்கை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 155 முதல் 186 வரை ஒரு தனி அளவுகோல், நடுப்புள்ளி 177. ‘177 வாங்கியிருக்கிறாள்’ என்று ஊரில் சொன்னால் ‘எத்தனைக்கு?’ என்றுதான் கேட்பார்கள். பெர்க்லியில் முதல் வருடப் பாடத்தில் மேலே உள்ள 10 சதவீதத்துக்கு ஹை ஆனர்ஸ், அடுத்த 30 சதவீதத்துக்கு ஆனர்ஸ், மீதிக்குப் பாஸ். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் ஏ, பி, சி எழுத்துகளை விட்டுவிட்டு ஆனர்ஸ், பாஸ் முறைக்குப் போய்விட்டன. யேலில் முதல் பருவத்துக்குக் கிரெடிட் (தேறியது) அல்லது ஃபெயில், அவ்வளவுதான். மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் எழுத்து மார்க்தான். நடுப்புள்ளி சில இடங்களில் பி பிளஸ், சில இடங்களில் பி மைனஸ், அதற்கும் கீழே வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. ஸ்டூடன்ட் ஹேண்ட்புக்கில் ‘கிரேடிங் பாலிசி’ பகுதியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

ஜி.பி.ஏ. கணக்கில் கிரெடிட், அதாவது பாடத்தின் அளவைக் காட்டும் எண்தான் எடை. உதாரணமாக, காண்ட்ராக்ட்ஸ் 4 கிரெடிட் பி பிளஸ் (3.3), டார்ட்ஸ் 4 கிரெடிட் ஏ மைனஸ் (3.7), சிவில் புரொசீஜர் 4 கிரெடிட் பி (3.0), கிரிமினல் லா 3 கிரெடிட் பி பிளஸ், லீகல் ரைட்டிங் 2 கிரெடிட் ஏ (4.0). ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டினால் 57.9, அதை 17ஆல் வகுத்தால் 3.41. ராத்திரி பகலாக உட்காரவைக்கும் லீகல் ரைட்டிங் பல இடங்களில் இரண்டே கிரெடிட் என்பதைக் கவனியுங்கள். நவம்பரில் லீகல் ரைட்டிங்குக்கான மெமோவை (சட்டக் குறிப்பு) திருத்தித் திருத்தி எழுதி, நான்கு கிரெடிட் பாடங்களைக் கோட்டைவிடுகிறவர்கள் வருடாவருடம் உண்டு.

கேஸ்புக்_சுமைதாங்கி:
பரீட்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாடங்களில் பருவ முடிவில் ஒரே தேர்வு, மூன்று அல்லது நான்கு மணி நேரம், மொத்த மார்க்கும் அதில்தான். தாளில் பெயர் எழுதக்கூடாது, தேர்வு எண் மட்டும். மார்க் வெளியாகும்முன் ‘மூன்றாவது கேள்வியில் இப்படி எழுதினேன், சரியா?’ என்று பேராசிரியருக்கு மெயில் போடக்கூடாது. தாள் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துபோகும், விதிமீறலாகவும் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் திடீரென்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் கோல்ட் காலுக்கு எல்லாரும் நடுங்குவார்கள். ஆனால் அதற்கு அதிகம் போனால் ஒரு படி, பி பிளஸ் ஏ மைனஸ் ஆகும். பல பேராசிரியர்கள் அதுவும் தருவதில்லை.

நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் பதில் எழுதும் முறை. கேள்வி ஒரு நீளமான சம்பவமாக வரும். கடைக்காரர் தரையைத் துடைத்தார், எச்சரிக்கைப் பலகையை வாசலில் வைத்தார், ஈரம் இருந்ததோ உள்ளே மூன்றாவது வரிசையில். போன் பார்த்துக்கொண்டே வந்தவர் வழுக்கி விழுந்தார், ஆம்புலன்ஸ் வழியில் மோதி இன்னொரு கை உடைந்தது. ‘கடைக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார், நஷ்டஈடு தரவேண்டும்’ என்று முடித்தால் ஒன்றிரண்டு மதிப்பெண் கிடைக்கும். நெக்ளிஜென்ஸின் (சட்டப்படி அஜாக்கிரதை) இலக்கணத்தை மனப்பாடமாக இரண்டு பக்கம் எழுதினாலும் அதேதான். விதி ஒரே வரியில் போதும். பலகை எங்கே இருந்தது என்பது கடைக்காரருக்கு எப்படிச் சாதகம், எப்படிப் பாதகம், போன் பார்த்தது விழுந்தவரின் பங்கைக் கூட்டுமா, இரண்டாவது காயம் முதல் தவறின் தொடர்ச்சியா என்று ஒவ்வொரு தகவலையும் இரு பக்கமும் நின்று பேச வேண்டும். திருத்துபவர் கையில் இருக்கும் தாளில் மதிப்பெண்கள் அந்த வாதங்களுக்குத்தான் பிரித்து எழுதப்பட்டிருக்கும்.

அக்டோபர் நடுவில் அவுட்லைன் (சொந்தப் பாடச் சுருக்கம்) தொடங்குங்கள், ஒரு பாடத்துக்கு 30–40 பக்கம், பிறகு அதையே இரண்டு பக்கமாகச் சுருக்குங்கள். அதே பேராசிரியரின் பழைய வினாத்தாள் லைப்ரரியிலோ கல்லூரி போர்ட்டலிலோ கிடைக்கும். பாடத்துக்குக் குறைந்தது மூன்றையாவது கடிகாரம் வைத்து முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். வாசித்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

டெக்சஸ்_புதுவரவு:
மிக்க நன்றி. ஹேண்ட்புக்கைப் பார்த்தேன். முதல் வருடப் பாடங்களின் சராசரி 2.9க்கும் 3.1க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 3.0 என்பது...

அவுட்லைன்_அக்கா:
ஆமாம் சார், கிட்டத்தட்ட வகுப்பின் நடுக்கோடு. எல்லாரும் உயிரைக் கொடுத்துப் படித்தாலும் ஏறக்குறைய பாதிப்பேர் அதற்குக் கீழேதான் முடிப்பார்கள், கர்வின் அமைப்பே அது. 80 பேரில் 55 பேருக்கு இதே நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தால், சுமார் 40 பேர்தான் கோட்டைத் தாண்ட முடியும். அந்த 40 பேருமே ஸ்காலர்ஷிப்காரர்கள் என்று வைத்துக்கொண்டாலும் 15 பேருக்கு இரண்டாம் வருடம் பணம் போய்விடும். இது கல்லூரிக்கு முன்கூட்டியே தெரிந்த கணக்கு என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்று வேலை உடனே செய்யுங்கள். கல்லூரி வலைத்தளத்தில் ‘ஸ்டாண்டர்ட் 509’ என்று தேடுங்கள். அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகாரம் உள்ள எல்லாக் கல்லூரிகளும் நிபந்தனை ஸ்காலர்ஷிப் எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் குறைத்தோம் அல்லது நிறுத்தினோம் என்று வருடவாரியாகப் போட்டாக வேண்டும். பிறகு கடிதத்தில் 3.0 ஒவ்வொரு பருவமும் பார்க்கப்படுமா, வருட முடிவில் மட்டுமா, விழுந்தால் முழுப் பணமும் போகுமா, மறுபடி எடுத்தால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதாக, நிபந்தனையை ‘குட் ஸ்டாண்டிங்’ (படிப்பைத் தொடரத் தேவையான குறைந்தபட்ச நிலை) அளவுக்கு மாற்றித்தரச் சொல்லி மெயில் போடுங்கள். பல கல்லூரிகளில் அது ஜி.பி.ஏ. 2.0தான். வேறு கல்லூரியின் ஆஃபர் கையில் இருந்தால் இணையுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், இங்கே இது நடைமுறை. இடத்தை உறுதிசெய்யும் இரண்டாவது டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் கேட்டால்தான் மதிப்பு.

சேலத்து_எல்எல்பி:
எல்.எல்.எம். வந்தவர்களுக்கும் இதே கர்வா? ஊரில் எல்.எல்.பி. முடித்துவிட்டு நியூயார்க் பார் (வக்கீல் உரிமத் தேர்வு) எழுதும் எண்ணத்தில் வந்திருக்கிறேன்.

கேஸ்புக்_சுமைதாங்கி:
தம்பி, பல இடங்களில் ஜே.டி. மாணவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தாலும் எல்.எல்.எம். மார்க்கைத் தனியாகக் கணக்கிடுவார்கள். சில இடங்களில் ஒன்றாகத்தான். ரிஜிஸ்ட்ராரிடம் பாடத்தைத் தேர்வு செய்யும் முன்பே கேளுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத எல்.எல்.எம். மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தரும் கல்லூரிகளும் உண்டு. அதற்குப் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், டிசம்பரில் போய் நின்றால் நடக்காது. நியூயார்க்குக்கு 24 கிரெடிட் கணக்கு முக்கியம், அதில் லீகல் ரைட்டிங் 2, புரொஃபஷனல் ரெஸ்பான்சிபிலிட்டி 2, அமெரிக்க சட்ட அறிமுகம் 2, பாரில் கேட்கும் பாடங்களில் 6 கட்டாயம்.

அவுட்லைன்_அக்கா:
டெக்சஸ் சார், இன்னும் ஒன்று. மார்க் வந்தபின் ‘ரீவேல்யூவேஷன்’ கிடையாது. கூட்டல் பிழை இருந்தால்தான் மாற்றுவார்கள், ஒருவரை மேலே ஏற்றினால் கர்வ் கலையும். ஆனால் பெரும்பாலான பேராசிரியர்கள் தாளைப் பார்க்க விடுவார்கள். ஜனவரியில் மார்க் வந்ததும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் போய்த் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள், மாதிரி விடை இருந்தால் பக்கத்தில் வைத்து எந்த வாதத்தை விட்டோம் என்று வரி வரியாகக் குறித்துக்கொள்ளட்டும். மே மாதத் தேர்வுக்கு அதைவிட நல்ல கைடு கடையில் கிடைக்காது.