லினக்ஸ் கர்னலை (கணினியின் மையப் புரோகிராம்) மாற்றப்போய் ஃபைல் நேரப்பதிவில் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

காவேரிப்பட்டணத்தான்:
இங்கே ஒரு மாங்கூழ் ஆலை. வெப்பநிலை பதியும் பெட்டியில் யாரோ எழுதிவைத்த சொந்த ஃபைல்சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்கில் வைக்கும் முறை). புது கர்னலில் கம்பைல் ஆகவில்லை. அது நம்பியிருந்த, விநாடி மட்டும் தரும் கரண்ட்_டைம்_செக் மேக்ரோவை கர்னல் 4.12-லேயே தூக்கிவிட்டார்களே. வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை. அவசரத்தில் அதற்குப் பதில் எல்லா இடத்திலும், நானோவிநாடி வரை தரும் கேடைம்_கெட்_ரியல்_டிஎஸ்64 போட்டேன். ஓடியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மேனேஜர் போன்: "தம்பி, நேத்து எடுத்த ஃபைலையே பேக்கப் இன்னைக்கும் எடுக்குதே?" பெட்டியை ராத்திரி அணைத்துவிடுவார்கள். நானே ஒரு ஃபைல் எழுதி ஸ்டாட் (ஃபைலின் நேரத்தைக் காட்டும் கமாண்ட்) அடித்தேன்: 09:12:31.482913605. டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணி (கழற்றி) மறுபடி மவுண்ட் (இணைப்பு): 09:12:31.000000000. அந்த ஒன்பது சைபரைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. டிஸ்க்கில் விநாடிக்கு மட்டும்தான் இடம், நான் மெமரியில் நானோவிநாடியும் வைத்திருக்கிறேன். ராத்திரி அணைத்தால் அது போய்விடும், நேரம் மாறியதால் ஃபைலே மாறியது என்று பேக்கப் நினைத்திருக்கிறது. கரண்ட்_டைம்(ஐநோட்) என்று எழுதியிருந்தால் அதுவே டிஸ்க்குக்குத் தக்கபடி வெட்டிக் கொடுத்திருக்கும் (ஐநோட் என்பது ஃபைலின் நேரம் முதலான விவரங்களை வைக்கும் பதிவு).

தர்மபுரி_டெபியன்:
எனக்கும் மறுபடி மவுண்ட் பண்ணியபோதுதான் நேரம் மாறியது. பழைய கர்னல், சின்ன எக்ஸ்ட்4 (லினக்ஸில் வழக்கமான ஒரு ஃபைல்சிஸ்டம்) பார்ட்டிஷன். சும்மா ஒரு ஆசையில் தேதியை, 32-பிட் விநாடிக் கணக்கு தீரும் 2038 ஜனவரி 19-க்குத் தள்ளினேன். நம்ம நேரப்படி காலை 8:44:07 தாண்டி ஒரு ஃபைல் தொட்டேன். 2038 என்றே காட்டியது. மறுபடி மவுண்ட் பண்ணினால் 1901 டிசம்பர்!

ஓசூர்_நைட்ஷிப்ட்:
தர்மபுரி தம்பி, உங்க கதைக்கும் அவர் கதைக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்குக் கோடில் தப்பு, உங்களுக்கு ஐநோட் அளவில். எனக்கும் ஒருதடவை வந்தது, சரிபண்ணினேன், அது கிடக்கட்டும். முதலில் டியூன்2எஃப்எஸ் -எல் கமாண்ட் அடித்து ஐநோட் எத்தனை பைட் என்று பாருங்கள். 256 என்றால் 2446 வரை கவலை இல்லை. 128 என்றால் 2038-தான். பார்ட்டிஷனை ஃபார்மட் பண்ணும் பழைய எம்கேஇ2எஃப்எஸ் 512 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனுக்கெல்லாம் 128 போட்டுவிடும், அதனால் பூட் பார்ட்டிஷனையும் விடாதீர்கள். கர்னல் 5.4-க்கோ அதற்கு மேலோ போனால் மவுண்ட் பண்ணும்போதே எச்சரிக்கை வரும், நேரமும் 1901-க்கு ஓடாமல் கடைசி விநாடியிலேயே நிற்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல்சிஸ்டம் என்றால், 2038-ஐத் தாண்ட வைப்பது கர்னல் 5.10-இல் வந்த பிக்டைம் வசதி. காவேரிப்பட்டணம், நீங்களும் செட் (sed) கமாண்டால் கோடில் பெயரை மொத்தமாக மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கர்னல் 6.6-இல் சிடைமை (ஃபைலின் விவரம் மாறிய நேரம்) கோடில் தொடும் முறையே மாறிவிட்டது, 6.7-இல் ஏடைம் (படித்த நேரம்), எம்டைம் (எழுதிய நேரம்) இரண்டும்.

தர்மபுரி_டெபியன்:
அண்ணே, அனுபவம்தானே கேட்டாங்க. உங்களுக்கு வந்தது என்ன, அதைச் சொல்லவே இல்லையே?