போலோவை 35 மி.மீ. இறக்கிய பிறகு டயர் உரசுகிறது, என்ன செய்யலாம்?

கோவை_டீசல்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2015 போலோ, 1.5 டீசல், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் 35 மி.மீ. இறக்குகிற ஸ்பிரிங் போட்டேன். அதோடு 16 இஞ்ச் அலாய், 7 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 35 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பதிகிற முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிற தூரம், மி.மீ.; இது குறைந்தால் சக்கரம் வெளியே வரும்). டயர் 205/55 ஆர்16 (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச்), ஏனென்றால் கடையில் அந்த அளவுதான் உடனே கிடைத்தது, விலையும் குறைவு. நான் தனியாக ஓட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன்னால் டர்ர் என்று சத்தம். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் சர்ரென்று உரசுகிறது. டயர் போட்ட கடையில் கேட்டால் 5 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்துக்குப் பின்னால் வைக்கிற தட்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். பக்கத்து டிங்கர் ஃபெண்டரைத் தட்டிவிடலாம் என்கிறார். அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போக வேண்டும், ஐந்து பேர். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, முதலில் இரண்டு பேர் சொன்னதையும் செய்யாதீர்கள். எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்காமல் கையில் சுத்தியலை எடுத்தால் பிறகு பெயிண்ட் செலவும் சேர்ந்து வரும். ஸ்பேசர் டயரை வெளியே தள்ளும். உள்பக்கம் ஷாக்கில் உரசினால் அது உதவும், உங்களுக்கு வெளிப்பக்கம் உரசினால் இன்னும் மோசமாகும்.

ஒரு வெள்ளைச் சாக்பீஸ் வாங்குங்கள். நான்கு டயரிலும் வெளித்தோள், உள்தோள் (தரையில் படுகிற பட்டை பக்கச் சுவரோடு சேர்கிற ஓரங்கள்), நடுப்பட்டை மூன்றிலும் பட்டையாகப் பூசுங்கள். அப்புறம் ஒரு பின் சக்கரத்தை மட்டும் மரக்கட்டை மேலோ நடைபாதை மேலோ ஏற்றி நிறுத்தி, டிக்கியில் இரண்டு பேரை உட்காரச் சொல்லிப் பாருங்கள். மறுபக்கத்துக்கும் அப்படியே. முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து மெதுவாக உருட்டுங்கள். சாக்பீஸ் எங்கே அழிகிறதோ, ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கிற பகுதிக்குள்) எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ, அதுதான் இடம். டார்ச் அடித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

கோவை_டீசல்:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் உரசுவது ஃபெண்டர் தகட்டில் இல்லை, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரில், பம்பர் பக்கம். லைனரில் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து, கறுப்பு நூல் நூலாகத் தொங்குகிறது. பின்னால் வெளித்தோள் ஆர்ச் ஓரத்தில் படுகிறது. அங்கே பம்பரைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ ஒன்று, அதன் தலை டயரின் தோளில் ஒரு கோடு கிழித்திருக்கிறது, நகத்தை வைத்தால் நகம் இறங்குகிறது. இதைப் பார்த்த பிறகு வண்டியை எடுக்கவே பயமாக இருக்கிறது. இன்னொரு விஷயம், பின்னால் இடது பக்கம் வலதைவிட அதிகமாக உரசுகிறது.

டயர்_கணக்கு:
நகம் இறங்குகிற அளவுக்குக் கோடு என்றால் அந்த டயரை யாரிடமாவது காட்டுங்கள். உள்ளே கயிறு தெரிந்தால் ஓட்டவே கூடாது, ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

உங்கள் பிரச்சினையில் பாதி ஸ்பிரிங் இல்லை, டயர் அளவு. பழைய கம்பெனி அளவான 185/60 ஆர்15-இன் விட்டம் 603 மி.மீ. இப்போது போட்டிருக்கிற 205/55 ஆர்16 சுமார் 632. அதாவது டயரின் உச்சி பழையதைவிட 14 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிட்டது. ஸ்பிரிங்கில் 35 போனது, டயரில் 14 போனது, மொத்தம் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே கிட்டத்தட்ட 50 மி.மீ. இடைவெளி குறைந்துவிட்டது. மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட இப்போது 5 கி.மீ. கூடுதலாக ஓடுகிறீர்கள் என்பதும் இதனால்தான்.

அகலத்தையும் பாருங்கள். பழைய ரிம் 6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 40 என்று வைத்துக்கொண்டால் (பின்பக்கம் அச்சடித்திருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்), புதிய ரிம்மின் ஓரம் 18 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, 8 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. ஏற்கெனவே 18 வெளியே வந்த சக்கரத்துக்கு இன்னும் 5 ஸ்பேசரா? போலோவில் நட்டு கிடையாது, போல்ட்டு. ஸ்பேசர் போட்டால் அந்த அளவுக்குப் போல்ட்டு உள்ளே பிடிக்கிற மரை குறையும், நீள போல்ட்டு வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஸ்பேசரை மட்டும் விற்கிறவரிடம் போகவே வேண்டாம்.

என் பேச்சைக் கேட்டால் 195/50 ஆர்16-க்கு மாறுங்கள். விட்டம் 601, ஏறக்குறைய கம்பெனி அளவே. 7 இஞ்ச் ரிம்மில் உட்காரும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குகிற எடையின் குறியீடு) 84-க்குக் குறையாமல் பாருங்கள், ஒரு டயருக்கு 500 கிலோ. கொஞ்சம் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் முன்பக்கச் சத்தம் இதிலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கழற்றுவதுதான் கழற்றுகிறீர்கள், இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஹப்பின் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) நடு விட்டம் 57.1 மி.மீ. வெளிக்கடை அலாயில் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப நடுவில் ரிங் இருக்க வேண்டும். கம்பெனி போல்ட்டு ரிம்மில் பதிகிற பகுதி உருண்டை, வெளிக்கடை அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு. இரண்டும் கலந்தால் சரியாக உட்காராது. டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கிற ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கச் சொல்லுங்கள்.

ஆர்ச்_ரோலர்:
பின் ஆர்ச் பற்றி மட்டும் சொல்கிறேன், இந்த வேலையை நான் செய்கிறேன். அந்த ஓரத்து மடிப்பை மேல்நோக்கி மடக்கினால் சில மி.மீ. கிடைக்கும், அது போதுமான வண்டிகள் நிறைய. ஆனால் சுத்தியல் வேண்டாம். டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே இரும்புக் குழாயைக் கொடுத்து வண்டியை முன்னும் பின்னும் உருட்டுகிற வேலையும் வேண்டவே வேண்டாம். ஹப்பில் மாட்டுகிற ரோலர் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஹீட் கன்னால் பெயிண்ட்டை நன்றாகச் சூடாக்கி, கை வைத்தால் தாங்க முடியாத சூடு, அப்போதுதான் உருட்ட வேண்டும், அதுவும் ஒரே அழுத்தில் இல்லை, பத்துப் பதினைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக. ஆறிப்போன நிலையில் உருட்டிய பெயிண்ட் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அடுத்த மழைக்காலத்தில் மயிரிழை விரிசல் வழியாகத் துரு வெளியே வரும். அந்த இடத்தில் வெளித்தகடும் உள்தகடும் சேர்கிற மடிப்பு, உள்ளே சீலன்ட் பிளக்கும். முடித்ததும் பிரைமர் அடித்து மறுபடி சீலன்ட் பூசாமல் வண்டியை வாங்காதீர்கள். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, பம்பர் காதைப் (ஸ்க்ரூ மாட்டுகிற நீட்டம்) பின்னால் தள்ளித் தட்டைத் தலை ஸ்க்ரூ போடலாம்.

பழைய_ஸ்பேனர்:
இடது பக்கம் மட்டும் அதிகம் என்பது எனக்கு உறுத்துகிறது. பத்து வருட வண்டி. ஸ்பிரிங் மாற்றியபோது பம்ப் ஸ்டாப்பைப் பார்த்தார்களா? சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் தாங்குகிற அந்த நுரை ரப்பர் உதிர்ந்து போயிருந்தால், டயர் ஆர்ச்சுக்குள் போய் முட்டும் வரை தடுக்க ஆள் இல்லை. ஃபெண்டரைத் தொடுவதற்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள். இறக்கிய வண்டிக்கு ஸ்டாப்பை அறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உரசல் தீரும் வரை அறுக்க விடாதீர்கள், அறுத்தால் சக்கரம் இன்னும் மேலே ஏறும்.

நெல்லை_ஹேட்ச்:
ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றியதை இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், க்ளெய்ம் நேரத்தில் அவர்கள் கேட்பது அதைத்தான்.

கோவை_டீசல்:
எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன். பழைய ஸ்பேனர் அண்ணா சொன்னது அப்படியே. இடது பின் பம்ப் ஸ்டாப்பைக் கையில் பிடித்ததும் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, வலது பாதி இருந்தது. இரண்டும் மாற்றியாயிற்று. 195/50 ஆர்16 நான்கு வாங்கினேன், கோடு விழுந்த டயரைத் தூக்கிப் போட்டேன். முன்பக்கச் சத்தம் அன்றே நின்றது. பின் ஆர்ச்சை ஹீட் கன் வைத்து லேசாக உருட்டினோம், பெயிண்ட் அப்படியே இருக்கிறது. ஸ்க்ரூவும் மாற்றினேன். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

போன வாரம் வால்பாறை போய் வந்தோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், டிக்கி நிறையப் பை. ஏறும்போது ஒரு சத்தம் இல்லை. இறங்கும்போது ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் இடது பின்னால் லேசாகத் தொட்டது. வீட்டுக்கு வந்து மறுபடி சாக்பீஸ் பூசிப் பார்த்தேன், விரல் அகலத்துக்கு அழிந்திருக்கிறது, தகட்டில் இல்லை, உள் லைனரில். லைனரைச் சூடாக்கி உள்ளே அழுத்திவிட்டேன். அம்மா இப்போது பின் சீட்டில் தைரியமாக உட்காருகிறார்.