ஃப்ரீலான்ஸ் எழுத்தோடு சொந்தச் செய்திமடல்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மைக்கூடு:
பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். பெரும்பாலும் அறிவியல், சுற்றுச்சூழல். அதே துறையில் என் பெயரிலேயே மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு செய்திமடல் தொடங்க எண்ணம். நான்கு சந்தேகங்கள். சப்ஸ்டாக், கோஸ்ட், பட்டன்டவுன் என்ற செய்திமடல் தளங்களில் எது? ஏற்கெனவே வெளியான கட்டுரைகளை அதில் மறுபடி போடலாமா? வேலைத் தொடர்பில் சேர்ந்த மின்னஞ்சல் முகவரிகள் சில நூறு இருக்கின்றன, அப்படியே ஏற்றிவிடலாமா? கட்டணத்தை முதல் இதழிலிருந்தே வைக்கலாமா? சொந்த டொமைன் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயிலும் அதிலிருந்துதான்.

பிழைதிருத்தி:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒப்பந்தத்தை மாற்ற முடியாது.

ஒவ்வொரு பழைய கட்டுரைக்கும் ஒப்பந்தத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, முதல் வெளியீட்டு உரிமை மட்டுமா? முதல் வெளியீடு மட்டும் என்றால், பிரத்தியேகக் காலம் (வேறெங்கும் போடக் கூடாத காலம்) எத்தனை நாள்? அந்தக் காலம் முடிந்த பிறகு மறுபதிப்பில் ‘முதலில் இன்ன இதழில் வந்தது’ என்று போட வேண்டுமா? எல்லா உரிமையும் போயிருந்தால் ஒரு பத்தியைக்கூட எடுத்துப் போடாதீர்கள். அந்தக் கட்டுரைக்குச் சுட்டி கொடுத்து, அதில் இடம்பெறாத தகவலை வைத்துப் புதிதாக எழுதுங்கள். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வாக்கியங்களுக்குத்தான். நிறுவனங்களுக்கு எழுதியதில் இன்னொரு சிக்கல் உண்டு: ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால் தகவலே உங்களுடையதல்ல.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். செய்திமடலில் போட்டுவிட்ட கட்டுரையைப் பல பத்திரிகைகள் ‘ஏற்கெனவே வெளியானது’ என்றே கணக்கில் எடுக்கும், பத்தே பேர் படித்திருந்தாலும். ஆகவே விற்கத் தகுந்த யோசனையை மடலில் வீணாக்காதீர்கள். முதலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அவர் மறுத்தாலோ, நீங்களே வைத்த கெடு தாண்டினாலோ மடலுக்கு வரட்டும். எழுதி முடித்த பிறகு கைவிடப்பட்ட கட்டுரைக்குப் பாதிச் சம்பளம் தந்திருந்தால், உரிமை திரும்பி வந்துவிட்டது என்று ஒரு வரி எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பிரத்தியேக ஒப்பந்தம் உள்ள வாடிக்கையாளர் யாராவது இருந்தால், ‘போட்டி வெளியீடு’ என்ற பிரிவையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அஞ்சல்பை:
முகவரிகளை மொத்தமாக ஏற்றவே ஏற்றாதீர்கள். வேலை விஷயமாக மெயில் போட்டவர் மடலுக்குச் சம்மதம் தந்தவர் ஆகமாட்டார். ஸ்பாம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொட்டுவிடக் கூடாது, 0.1-க்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஜிமெயிலின் விதி. இருநூறு பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் புகார் பொத்தானை அழுத்தினாலே 0.5. உங்களை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தனித்தனியாக இரண்டு வரி எழுதி, பதிவுச் சுட்டியைக் கொடுங்கள். இரட்டை உறுதிப்படுத்தலை ஆன் செய்து வையுங்கள்: பதிவு செய்தவருக்கு மெயில் போய், அவர் அதில் உள்ள சுட்டியை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார். சிலர் அந்தப் படியில் நின்றுவிடுவார்கள், பரவாயில்லை. தப்பாகத் தட்டிய முகவரியும் ரோபோ பதிவுகளும் அங்கேயே கழிந்துவிடும்.

இனி டொமைன். வாடிக்கையாளருக்கு மெயில் போகும் அதே டொமைனிலிருந்து மடலை அனுப்பினால், மடலுக்கு வரும் கெட்ட பெயர் இன்வாய்ஸையும் ஸ்பாமுக்குத் தள்ளும். மடலுக்கென்று ஒரு சப்டொமைன் (அதே டொமைனின் கிளைப் பெயர்) எடுங்கள். இது முழுப் பாதுகாப்பு ஆகாது, ஆனால் பாதிப்பு குறையும்.

டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் அமைப்புப் பதிவேட்டில், சேர்க்க வேண்டியவை மூன்று: எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலுக்கான டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு). 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். கூடவே ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். சின்னப் பட்டியலுக்கு இத்தனையும் கட்டாயமில்லை என்றாலும் முதல் நாளே செய்துவிடுங்கள். பலர் சறுக்கும் இடம் எஸ்பிஎஃப். ஒரு டொமைன் பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். மெயில் நிறுவனம் சொன்னது ஒன்று, மடல் தளம் சொன்னது ஒன்று என்று இரண்டு வரி போட்டால் சோதனையே பிழையாகி இரண்டும் செல்லாமல் போகும். இரண்டையும் ஒரே வரிக்குள் இணைக்க வேண்டும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்குங்கள். அனுப்புநராக இலவச ஜிமெயில், யாஹூ முகவரியை வேறு தளம் வழியாகப் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். டிமார்க்கில் அது தேறாது.

தளத்தைப் பொறுத்தவரை, சப்ஸ்டாக்கில் இந்த டிஎன்எஸ் வேலை எதுவும் இல்லை, மெயில் அவர்கள் டொமைனிலிருந்தே போகும். சொந்த டொமைனைப் பக்கத்துக்கு மட்டும் கட்டலாம். கட்டண வருமானத்தில் 10 சதவீதம் அவர்களுக்கு. பணம் செலுத்தும் சேவைக்கான கழிவு அதற்கு மேல். கோஸ்ட் வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. சொந்த சர்வரில் நிறுவினால் மொத்தமாக மெயில் அனுப்ப மெயில்கன் என்ற சேவையில் கணக்கும் தேவை, பராமரிப்பும் உங்கள் தலையில்தான். பட்டன்டவுன் எளிமையானது, மார்க்டவுனில் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) எழுதுபவர்களுக்குக் கைக்கு அடக்கம்.

எதை எடுத்தாலும் மாதம் ஒருமுறை சந்தாதாரர் பட்டியலை சிஎஸ்வியாக (எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வையுங்கள். மடல் தளங்களான ரெவ்யூ 2023 ஜனவரியிலும் டைனிலெட்டர் 2024 பிப்ரவரியிலும் மூடப்பட்டன. சப்ஸ்டாக் ஆப்பில் ‘பின்தொடர்பவர்கள்’ என்று காட்டும் எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்களுடைய மின்னஞ்சல் உங்கள் கைக்கு வராது, சந்தாதாரர்களுடையது மட்டும்தான் வரும்.

அரைப்புள்ளி:
மேலே சொன்னது எல்லாம் சரி, தளம் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவருக்கு நேரம்தான் முதல். சர்வர் பராமரிக்கும் ஒவ்வொரு மணியும் சம்பளம் இல்லாத மணி. வருமானம் வராதவரை 10 சதவீதம் என்பது பூஜ்ஜியத்தில் 10 சதவீதம். சப்ஸ்டாக்கில் ஆரம்பித்து, பின்னால் மாறிக்கொள்ளலாம். அங்கே பணம் வசூலிக்கும் ஸ்ட்ரைப் சேவையின் கணக்கு உங்கள் பெயரிலேயே இருப்பதால் கட்டணச் சந்தாக்களையும் கோஸ்டுக்குக் கொண்டுபோக முடியும். உங்கள் நாட்டில் ஸ்ட்ரைப் கணக்கு திறக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சப்ஸ்டாக்கில் கட்டணமே வைக்க முடியாது.

கட்டணம் முதல் இதழிலேயே வேண்டாம். ஆண்டுச் சந்தா வாங்கிவிட்டால் அது கடன் மாதிரி, பன்னிரண்டு மாதமும் எழுதித் தீர்க்க வேண்டும். பெரிய வேலை ஒன்று வந்து நடுவில் நிறுத்தினால் மீதத் தொகையைத் திருப்ப வேண்டிவரும். சப்ஸ்டாக்கில் வசூலைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி உண்டு, ஆனால் வாசகர் பொறுமைக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. இலவசமாகவே ஆறேழு இதழ் சொன்ன தேதியில் வந்த பிறகு யோசியுங்கள். வைக்கும்போது மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தாவை முன்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு வசூலுக்கும் சதவீதம் போக ஒரு நிலையான தொகையும் கழிவதால், பன்னிரண்டு தடவை கழிவதும் ஒரு தடவை கழிவதும் ஒன்றல்ல.

வாராவாரம் என்று அறிவிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். தேதி தப்பாமலிருக்க மூன்று இதழ் கையிருப்பில் வைத்துக்கொண்டு முதலாவதை அனுப்புங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், சோர்ந்து போகவும் வேண்டாம். 2021-இல் ஆப்பிள் மெயில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. அது ‘திறந்தார்’ என்று பதிவாகும். பதில் மெயில்களையும் சுட்டிச் சொடுக்குகளையும் எண்ணுங்கள்.

மைக்கூடு:
மூவருக்கும் நன்றி. ஒப்பந்தங்களைத் தேடி எடுக்கிறேன், முகவரிகளை ஏற்றப் போவதில்லை. இன்னும் ஒன்று: தமிழில் நீளமாக எழுதினால் மெயிலில் ஏதாவது தகராறு வருமா? அடியில் அஞ்சல் முகவரி போட வேண்டும் என்கிறார்களே, வீட்டு முகவரியைப் போடத் தயக்கமாக இருக்கிறது.

அஞ்சல்பை:
வரும். மெயிலின் எச்டிஎம்எல் (உரையும் வடிவமைப்பு நிரலும் சேர்ந்தது) 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அத்தோடு வெட்டி, ‘முழுச் செய்தியையும் பார்’ என்று ஒரு சுட்டி போடும். விலகும் சுட்டி அடியில் இருப்பதால் அதுவும் மறைந்துவிடும். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத் தேடுவார். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழுக்குக் குறியீட்டுக்கு மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். சுமார் 2,000 சொல் எழுதினால் உரை மட்டுமே 50 கேபியை ஒட்டி வரும். வார்ப்புருவின் நிரல், ஒவ்வொரு சுட்டியிலும் சேரும் நீண்ட கண்காணிப்பு முகவரி எல்லாம் அதற்கு மேல். வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டினால் தேவையில்லாத நிரலும் கூடவே வரும், வெறும் உரையாக ஒட்டுங்கள். படங்களின் எடை இந்தக் கணக்கில் சேராது, அவை தனியாக இறங்குபவை.

அனுப்புவதற்கு முன் ஜிமெயில், அவுட்லுக், ஒரு போன் மூன்றுக்கும் சோதனைப் பிரதி அனுப்பி, ஜிமெயிலில் அடிவரை வருகிறதா என்று பாருங்கள். போனை டார்க் மோடுக்கு மாற்றியும் பாருங்கள். பின்புலம் இல்லாத படத்தில் கறுப்பு எழுத்து லோகோ இருந்தால் காணாமல் போயிருக்கும்.

முகவரி விஷயம்: அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பாம் சட்டம் வணிக மெயிலில் அஞ்சல் முகவரி கேட்கிறது. அதனால்தான் பல தளங்கள் அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றன. பதிவு செய்த அஞ்சல் பெட்டி எண்ணும் செல்லும். சில தளங்கள் தங்கள் அலுவலக முகவரியையே பயன்படுத்த அனுமதிக்கின்றன, பதிவு செய்யும்போது அமைப்புகளில் பாருங்கள்.

பிழைதிருத்தி:
பதில் முகவரி ‘நோரிப்ளை’ (பதில் அனுப்பாதீர்கள்) என்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். மடலைப் படித்துவிட்டு வேலை தர நினைக்கும் ஆசிரியர் முதலில் அழுத்துவது ரிப்ளை பொத்தானைத்தான்.