பான்சர் 4-இன் பக்கத்தகடு: 0.14 மி.மீ. இல்லாவிட்டால் அது டாங்க் இல்லையா?

பெட்டிமாடல்:
நேற்று புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தன் முதல் டாங்க் மாடலின் படங்களை இங்கே போட்டிருந்தார். 1/35 அளவில் ஜெர்மன் டாங்க் பான்சர் 4 ஹெச், இரண்டு பக்கமும் ஷூர்ட்சன் எனப்படும் மெல்லிய பக்கத்தகடுகள் தொங்கியபடி. அதற்குக் கீழே கோவைலேத் எழுதியது இது: "அசல் தகடு 5 மி.மீ. 35-ஆல் வகுத்தால் 0.14. நீ ஒட்டியிருப்பது ஒரு மி.மீ. பிளாஸ்டிக். குளிர்பானக் கேனை வெட்டிப் புதிதாகச் செய், இல்லை என்றால் இதை டாங்க் என்று சொல்லாதே." இரண்டு மணி நேரத்தில் தம்பி படங்களை எடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. இருபது வருடமாகக் கிட் பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டி, பெயின்டில்தான் என் கவனம் முழுக்க வைக்கிறேன். அப்படியானால் என் அலமாரியில் இருப்பது எதுவும் டாங்க் இல்லையா?

கோவைலேத்:
நான் எழுதியதில் எந்த எண் தப்பு என்று முதலில் சொல்லுங்கள். 5-ஐ 35-ஆல் வகுத்தால் 0.14 வரும். கிட் தகட்டை ஸ்க்ரூ கேஜில் வைத்தேன், ஒரு மி.மீ. காட்டியது. அதை 35-ஆல் பெருக்குங்கள், 35 மி.மீ. இரும்பு. பான்சர் 4-இன் பக்கக் கவசமே 30 மி.மீ. தான். உடம்பை விடச் சட்டை தடிமனாக இருக்கும் ஒரு டாங்கை ஜெர்மன்காரன் எந்தக் காலத்தில் செய்தான்? முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், தகட்டின் ஓரத்தைப் பார்த்தாலே எனக்கு உறுத்தும். உறுத்தியதைச் சொன்னேன். தம்பி படத்தை எடுத்தது அவர் இஷ்டம்.

பெட்டிமாடல்:
எண் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. "டாங்க் என்று சொல்லாதே" என்று எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கோவைலேத்:
0.14 இல்லை என்றால் அது அந்தத் தகடு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

புதுப்பசை:
ஒரு சந்தேகம். கிட்டை வாங்கி அதில் தகட்டை மட்டும் நாமே வெட்டி மாட்டினால் அதற்கு ஸ்கிராட்ச் பில்ட் (நாமே புதிதாகச் செய்வது) என்று பெயரா, இல்லை டீட்டெய்லிங்கா (கிட்டுக்கு நுணுக்கம் சேர்ப்பது)? எது என்று முடிவு செய்துவிட்டால் இந்தச் சண்டையே வராது என்று நினைக்கிறேன்.

கோவைலேத்:
செய்முறை தெரியாமல் பேசுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குளிர்பானக் கேனின் பக்கச் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. மேல்மூடியையும் அடியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்து விரித்தால் நல்ல தகடு கிடைக்கும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரு பூச்சு இருக்கும், அதை 400 நம்பர் எமரியால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லை என்றால் பெயின்ட் உரிந்து வந்துவிடும். சுருள் போக வேண்டும் என்றால் துணிசோப்பை லேசாகத் தடவி கேஸ் அடுப்பின் மேல் உயரத்தில் பிடியுங்கள், சோப்பு கறுத்ததும் எடுத்துவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் தகடு உருகி ஓட்டையாகும். ஆறியதும் கண்ணாடி மேல் வைத்துப் பாட்டிலால் உருட்டுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோல் கூடாது, ஓரம் சுருண்டுவிடும். ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கத்தியால் நாலைந்து முறை மெதுவாகக் கோடு போட்டு, முன்னும் பின்னும் வளைத்தால் தானே பிரியும். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக். பிளாஸ்டிக் சிமெண்ட், அதாவது கிட் ஒட்டும் பசை, உலோகத்தைப் பிடிக்காது. அப்புறம் பிரைமர். இதில் வரும் நெளிவு இருக்கிறதே, மரக்கிளையில் இடித்த மாதிரி ஓரத்தில் ஒரு மடிப்பு, அது ஒரு மி.மீ. பிளாஸ்டிக்கில் ஜென்மத்துக்கும் வராது. போர்க்காலப் படங்களைப் பாருங்கள், ஒரு வண்டியிலாவது எல்லாத் தகடும் நேராக இருக்கிறதா? பாதித் தகடு கழன்று விழுந்திருக்கும், மீதி வளைந்து தொங்கும்.

ஸ்காபரோவாசி:
அண்ணை, செய்முறை நல்லாத்தான் இருக்கு. ஆனால் கேன் 0.1 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 0.1-ஐ 35-ஆல் பெருக்கினால் 3.5 மி.மீ. உங்கள் 0.14 எங்கே போனது?

கோவைலேத்:
பிரைமர், மேல் பெயின்ட், அழுக்கு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறும். ஏறினால் 0.14 வரும்.

ஸ்காபரோவாசி:
அப்படியானால் கிட் தகட்டுக்கும் பெயின்ட் ஏறும்தானே, அதையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும். 0.13 மி.மீ. வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டே எவர்கிரீன் என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. அதில் வெட்டினால் 4.5 மி.மீ.க்குச் சமம், உங்கள் கேனை விட உண்மைக்குக் கிட்ட.

கோவைலேத்:
அந்த ஐந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) ஷீட் எனக்கும் தெரியும், உங்கள் ஊரில் தெருமுனையில் கிடைக்கும். இங்கே வரவழைத்தால் தபாலும் சுங்கமும் சேர்ந்து என்ன ஆகும் என்று தெரிந்து பேசுங்கள். அதன் மேல் சிமெண்ட் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், அதையும் சொல்லுங்கள்.

புதுப்பசை:
வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது, ஏறத்தாழ 0.18 மி.மீ. வரும். அதைப் பயன்படுத்தலாமா? மேலே கேட்ட கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

ஆவடி72:
எங்கள் அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-இல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்த இடம் அது. நானும் டாங்குகளுக்கு நடுவில் வளர்ந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தகடு எல்லாமே தோளில் வைத்து ராக்கெட் சுடும் அமெரிக்க பசூக்காவைத் தடுக்க வைத்தது. ராக்கெட் தகட்டில் முன்னாலேயே வெடித்துவிடும். அதற்குத் தடிமன் முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம். அதனால் 0.14-ஆ ஒன்றா என்ற பேச்சே வீண்.

ஸ்காபரோவாசி:
தம்பி, இது பரவலான பிழை. ஷூர்ட்சனை 1943 தொடக்கத்தில் சோதித்தது சோவியத் டாங்க் எதிர்ப்புத் துப்பாக்கிக்காக. 14.5 மி.மீ. குண்டு கிட்டத்தில் இருந்து 30 மி.மீ. பக்கக் கவசத்தைத் துளைத்துவிடும். முன்னால் ஒரு மெல்லிய தகடு இருந்தால் குண்டு அதைத் துளைத்து வரும்போதே நிலை குலைந்து குறுக்காகப் போய் மோதும், அப்போது துளைக்கும் வலு போய்விடும். அந்த ஆண்டு ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் சண்டைக்குப் போன வண்டிகளில் இது மாட்டியிருந்தது. பசூக்கா கதை பிறகு ஒட்டிக்கொண்டது.

ஆவடி72:
என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம், எனக்கு 52 வயது. பசூக்கா விஷயம் எனக்குத் தெரிந்தவர்கள் சொன்னது, அவர்கள் டாங்க் மேல் ஏறி வேலை பார்த்தவர்கள்.

ஸ்காபரோவாசி:
எங்கள் ஊரில் மரியாதைக்கும் தம்பி என்று சொல்லுவோம். அவர்கள் ஏறியது ஆவடியில் செய்த டி-72 டாங்க் மேல், அதன் பக்கத்தில் தொங்குவது ரப்பர் கலந்த துணிப்பட்டை. பான்சர் 4-க்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஆவடி72:
டாங்க் எல்லாம் டாங்க்தான். ரப்பர் தொங்கினால் மட்டமா? அஜேயாவின், அதாவது நம் டி-72-இன், பக்கப்பட்டையைச் சரியாகச் செய்த ஒரு மாடலை இங்கே யாராவது காட்டியிருக்கிறீர்களா? எப்போது பார்த்தாலும் ஜெர்மன், ஜெர்மன். நம் ஊரில் செய்த வண்டிக்கு ஒரு விவாத இழை கூடக் கிடையாது.

கோவைலேத்:
இழையைத் திசை திருப்ப வேண்டாம். துப்பாக்கியோ பசூக்காவோ, எதற்காக மாட்டினாலும் தகடு 5 மி.மீ. 5-ஐ 35-ஆல் வகுத்தால் 0.14. கணக்கை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெட்டிமாடல்:
கணக்கு என்று இறங்கிய பிறகு முழுக்க இறங்குவோம். ஷூர்ட்சன் இரண்டு வகை. உடல் பக்கம் தொங்குவது 5 மி.மீ. டரட்டை, அதாவது பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதியை, சுற்றி இருப்பது 8 மி.மீ. 8-ஐ 35-ஆல் வகுத்தால் 0.23. போன வருடம் நீங்கள் போட்ட பான்சர் 4-இல் டரட் தகடும் அதே கேன்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாத் தகடும் ஒரே கேனில் முடித்தேன், செலவு பூஜ்யம்." 0.1 மி.மீ. என்றால் 3.5 மி.மீ. தகடு. அசலில் பாதி கூட இல்லை. அந்தத் தம்பியிடம் சொன்ன வாக்கியத்தை இப்போது நான் உங்களிடம் சொல்லலாமா?

கோவைலேத்:
டரட் தகடு இரண்டு மடிப்பு.

பெட்டிமாடல்:
இரண்டு மடிப்பு என்றால் 0.2, அதாவது 7 மி.மீ. அப்போதும் 8 இல்லை. டரட்டின் பின்பக்கப் படத்தில் கதவு திறந்திருக்கிறது, ஓரம் தெளிவாகத் தெரிகிறது. ஒரே மடிப்புதான். பெரிதாக்கிப் பாருங்கள்.

கோவைலேத்:
கதவு மட்டும் ஒரு மடிப்பு. கீல் வைக்க வேண்டும், இரண்டு மடிப்பு போட்டால் திறக்காது. 0.3 மி.மீ. செப்புக் கம்பியைச் சுற்றித் தகட்டை வளைத்து நிஜமாகவே திறந்து மூடும் கீல் செய்தேன், அந்த ஒரு கதவுக்கு நாலு ராத்திரி போனது. பெட்டியில் வந்த கதவை மூடியபடி ஒட்டியவர் அதைப் பற்றிப் பேசுகிறார். 2 மாதம் கையில் காயத்தோடு உட்கார்ந்து செய்த வண்டி அது.

பெட்டிமாடல்:
உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தம்பியும் உழைத்துத்தான் செய்தார்.

கோவைலேத்:
உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன வருட மாடல் கண்காட்சியில் உங்கள் டாங்குக்கு இரண்டாம் பரிசு கொடுத்தபோது நடுவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கே சொன்னேன், பெயின்ட் அபாரம், ஃபெண்டர் (மட்கார்டு) ஓரம் செங்கல் மாதிரி இருக்கிறது என்று. கத்தியைச் சாய்த்துப் பிடித்து உள்பக்கமாகச் சுரண்டியிருந்தால் கூட ஓரம் மெல்லியதாகத் தெரிந்திருக்கும், பத்து நிமிட வேலை. அதைச் செய்யவில்லை, அதனால் மதிப்பெண் போடவில்லை. அன்றிலிருந்து என் பதிவு எதிலும் நீங்கள் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பெட்டிமாடல்:
பரிசுப் பேச்சை இழுத்தது நீங்கள். நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேனா? முதல் பரிசு வாங்கிய வண்டியின் ஃபெண்டரும் பெட்டியில் வந்ததுதான் என்று ஊருக்கே தெரியும்.

ஸ்காபரோவாசி:
ஒட்டாவா போர் அருங்காட்சியகத்தில் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்க் நிற்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வண்டியில் கண்ணுக்கு முதலில் படுவது தகட்டின் தடிப்பு இல்லை. மேலே பூசிய ஸிம்மரிட் பசையின் வரிவரியான தடம்தான். அதை மாடல் புட்டிக் களிம்பில் பல்லுக்குச்சியால் இழுத்துச் செய்து பாருங்கள், பிறகு 0.14 பற்றிப் பேசலாம்.

கோவைலேத்:
ஸிம்மரிட்டும் செய்திருக்கிறேன். பேச்சு ஷூர்ட்சன் பற்றி.

ஆவடி72:
ஷூர்ட்சன், ஷூர்ட்சன் என்று எழுதுகிறீர்களே, பக்கத்தகடு என்று தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஸ்காபரோவாசி:
ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சமையலறையில் முன்னால் கட்டும் துணி என்று பொருள். பக்கத்தகடு என்றால் டரட்டைச் சுற்றி இருப்பதை எப்படிச் சொல்வது? அது பக்கம் மட்டும் இல்லை, பின்னாலும் போகிறது.

ஆவடி72:
சுற்றுத்தகடு. இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டுமா?

புதுப்பசை:
எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பார்த்தேன், அழகாக வெட்டுப்படுகிறது. ஆனால் சிமெண்ட் பிடிக்கவே இல்லை. ஸ்கிராட்ச் பில்டா டீட்டெய்லிங்கா என்பதையும் யாரும் சொல்லவில்லை.

கோவைலேத்:
ஃபிலிம் பாலியெஸ்டர். சிமெண்ட் கரைக்காது, ஃபெவிக்விக் போடு, போடும் முன் எமரியால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கு. 0.18 என்றால் 6.3 மி.மீ. உடல் பக்கத்துக்கு அதிகம், டரட்டுக்குக் குறைவு. கேனை வெட்டு. முதல் தடவை பாழாகும், பத்துக் கேன் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார். தகட்டைத் தாங்கும் தண்டவாளத்தையும் மாற்று, கிட்டில் வரும் கொக்கி எல்லாம் மொத்தை. 0.25 மி.மீ. ஷீட்டை ஒரு மி.மீ. பட்டையாக வெட்டி வளைத்தால் போதும். இரண்டு தகடு கழன்று விழுந்த மாதிரி விட்டுவிட்டு அந்த இடத்தில் வெறும் கொக்கியைக் காட்டு. அதுதான் அழகு.

பெட்டிமாடல்:
பாருங்கள், இதே விவரத்தை அந்தத் தம்பிக்கு இதே மாதிரி எழுதியிருக்கலாம். அவர் படத்தை எடுத்திருக்க மாட்டார்.

கோவைலேத்:
அவர் கேட்கவில்லை. இவர் கேட்டார். கேட்காதவருக்கு எண்ணைச் சொன்னேன், 0.14.

பெட்டிமாடல்:
கேட்காதவருக்குத்தான் "டாங்க் என்று சொல்லாதே" என்றும் சொன்னீர்கள். டரட்டுக்கு 0.23. உங்களுடையது எவ்வளவு என்று ஸ்க்ரூ கேஜில் வைத்துப் படம் போடுங்கள்.

கோவைலேத்:
வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் சீல் செய்து இருக்கிறது. உங்கள் ஒருவருக்காகத் திறக்க முடியாது. தகடு இரண்டு மடிப்பு, கதவு மட்டும் ஒன்று, ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

பெட்டிமாடல்:
இடது பக்கத் தகட்டின் ஓரமும் அதே படத்தில் இருக்கிறது. அது கதவு இல்லை.

கோவைலேத்:
வெளிச்சம் அப்படி விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் வேறு படம் எடுத்துப் போடுகிறேன். அதுவரை உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு பான்சர் 4-இன் தகட்டை அளந்து எண்ணை இங்கே எழுதி வையுங்கள்.