பழையாற்றங்கரையில நடைபாதை வேணுமா, வேண்டாமா?

நாகர்கோவில்காரன்:
ஒரு யோசனை, திட்டாம கேளுங்க. ஒழுகினசேரியில இருந்து சுசீந்திரம் வரைக்கும் பழையாற்றுக்கு ரெண்டு கரையிலயும் காங்கிரீட் சுவர் கட்டி, மேல நடைபாதையும் எல்.இ.டி. விளக்கும் போட்டா என்ன? நாகர்கோவில் மாநகராட்சியாகி (2019) இத்தனை வருஷமாச்சு. சாயங்காலம் பிள்ளையளக் கூட்டிட்டுப் போய் உக்கார ஒரு இடம் கெடயாது. ஆறுன்னுதான் பேரு, பாலத்துல நின்னா மூக்கப் பொத்தணும். சுசீந்திரம் கோயிலுக்கு வாற கூட்டம் அப்படியே கன்னியாகுமரிக்கு வண்டிய விட்டுருது.

பறக்கை நாரை:
அண்ணாச்சி, தயவுசெய்து வேண்டாம். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-லயே ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்க பட்டியல்ல, வந்தாச்சு, 94.23 ஹெக்டேர். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வந்து இறங்குற இடம். ஆத்தங்கரையில ஒரு செங்கல் வைக்கக்கூட சட்டம் விடாது.

இன்னொண்ணு. போன மாசி மாசம் சுசீந்திரத்துக்கு மேல ஒரு மண்கரையில பொந்து பாத்தேன். கைமுட்டி அளவு வாசல், கீழ வெள்ளையா எச்சம் வழிஞ்சிருந்தது. கிட்டப் போனா அழுகுன மீன் வாசம். பத்து நிமிஷம் அசையாம நின்னேன். வெண்மார்பு மீன்கொத்தி ஒண்ணு வாயில ஓணானோட வந்து, என்னைப் பாத்துட்டு எதுக்க ஒரு தென்னமட்டையில உக்காந்து கத்திக்கிட்டே கெடந்தது. நான் நகர்ந்த பிறகுதான் உள்ள போச்சு. செங்குத்தான மண்கரை இருந்தாத்தான் அதுக்கு வீடு. சுவர் கட்டினா எங்க தோண்டும்?

நாகர்கோவில்காரன்:
தம்பி, பறவையப் பத்தி நீ சொன்னா கேட்டுக்கிடுதேன். சட்டத்த நான் சொல்லுதேன். 2017 ஈரநில விதிகள எடுத்துப் படி. வெள்ளம் ஏறி நிக்குற அளவுல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டடம் கூடாதுன்னு இருக்கது சரிதான், அது ராம்சார் குளத்துக்கு. ஈரநிலம்னா என்னன்னு சொல்லுற இடத்துலயே ஆற்றுப் போக்கு, நெல்வயல் ரெண்டையும் கழிச்சிட்டாங்க. பழையாறு அந்த விதிக்கு வெளிய. ராம்சார்னு சொல்லி ஆத்தையும் சேத்துப் பூட்டாத.

ஷார்ஜா குமரியான்:
கொள்ளாம். ஆறு ஈரமில்லன்னு சட்டம் எழுதுனவன் வெயில்காலத்துல வந்து பாத்திருப்பான்.

ஒழுகினசேரி மருமவ:
நீங்க நடைபாதை பேசுதிய, அவரு மீன்கொத்தி பேசுதாரு. 2021 நவம்பர்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு வெள்ளம். மாமியார கட்டிலோட தூக்கி மாடிப்படியில வச்சோம். ரேஷன் அரிசி, பிள்ளைக்க புஸ்தகம், தையல் மெஷின் எல்லாம் போச்சு. சுவர் வந்தா எனக்கு வேணும். யாரு நடந்தாலும் நடந்துட்டுப் போகட்டு.

மணக்குடி பொழி:
அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா சுவர் வெள்ளத்தக் குடிக்காது, கீழ தள்ளி விடும். கீழ இருக்கது சுசீந்திரம், அதுக்கும் கீழ நாங்க. கடலோரம் பொழி, அதான் ஆறு கடல்ல சேருற வாய், மணல் மூடிக் கெடந்தா ஆத்து வெள்ளம் வந்தவழியே ஏறும். பொழிய வெட்டி விட்டாத்தான் மேல வடியும். கட்டுனது எல்லாம் நிக்கும்னும் நம்பாதீங்க. 2004 சுனாமியில மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவுல இருந்த பாலத்தையே கடல் எடுத்துட்டுப் போச்சு.

தேரூர் ஏலா:
ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த. நான் கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லு வைக்குற ஆளு. பறவை பறவைன்னு சொல்லுற பயலுக எங்க வயல்ல வந்து நீலத் தாழைக்கோழி குருத்தக் கடிச்சுப் போட்டிருக்கதையும் போட்டோ எடுக்கணும். ராத்திரி தகரம் தட்டி விரட்டுதது நாங்க.

நத்தை குத்தி நாரை வேற கத. உழவு முடிஞ்ச வயல்ல டிராக்டருக்குப் பின்னாலயே நடக்கும். ஓட்ட உடைக்காது, அலக உள்ள விட்டு சதைய மட்டும் உருவும். வரப்பெல்லாம் முழுசு முழுசா காலி நத்தை ஓடு கெடக்கும், செருப்பில்லாம நடக்க முடியாது. அந்த நத்தை இருக்கதும் எங்க வயல்லதான். ஏலாவுல, அதான் வயல்வெளியில, பாதி இப்பம் பிளாட் கல்லு நட்டாச்சு. அதுக்கு யாரும் ஒரு பதிவும் போட்டதாத் தெரியல.

பறக்கை நாரை:
சட்ட விஷயத்துல நாகர்கோவில்காரன் அண்ணாச்சி சொன்னது சரி, எடுத்துப் படிச்சேன். நான் சொன்னது தப்பு. ஆனா அது என்னைத்தான் பயமுறுத்துது. குளத்துல பறவை அடையும், தாமரையிலைல இலைக்கோழி முட்டை வைக்கும். இரைக்குப் போறது வயலுக்கும் ஆத்துக்கும். குளத்துக்கு மட்டும் பாதுகாப்புன்னா, இலைக்கு காவல் நின்னுகிட்டு அடுக்களைய இடிக்கவிட்ட கதைதான். தேரூர் அண்ணாச்சி, தாழைக்கோழி போட்டோ இனி எடுக்கேன். பிளாட் கல்லையும்.

நாகர்கோவில்காரன்:
சரி, விளக்கு வேண்டாம். ரெண்டு கரையும் வேண்டாம். ஒரு கரையில மண்பாதை, கல்லு போட்டு? ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜனம் கிட்டப் போகாத ஆறு குப்பமேடாகும். பாலத்துல நின்னு கோழிக்கழிவ மூட்டையா வீசுதவன், கீழ நாலு பேரு நடந்தா வீசுவானா? நீங்க வேலி போட்டு காக்கணும்னு சொல்லுத ஆத்துல சாக்கடைதான் ஓடுது.

பறக்கை நாரை:
வேலி போடச் சொன்னேனா? சாக்கடைய முதல்ல நிறுத்தணும்ங்கதுல சண்டையே இல்ல. ஒரு கரை மண்பாதைன்னா... யோசிக்கலாம். மண்கரைய செதுக்காம, மரத்த வெட்டாம இருந்தா. மாசியில இருந்து ஆடி வரைக்கும் பொந்து இருக்க பக்கம் யாரும் போகாண்டாம்.

ஷார்ஜா குமரியான்:
மீன்கொத்திக்கு ஆறு மாசம் பிரசவ லீவு. எங்க கம்பெனிய விட மேல்.

ஒழுகினசேரி மருமவ:
எல்லாரும் ஒத்துப் போயாச்சு. எங்க வீட்டுக்கு வெள்ளம் வராம இருக்க என்ன வழின்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல.

மணக்குடி பொழி:
ரெண்டு வேலை அக்கா. ஐப்பசி மழைக்கு முன்ன பாலத்துக்கு மேல்பக்கம் கெடக்க ஆகாயத்தாமரைய வாரணும். அது தூணுல அடைச்சா தடுப்பணை மாதிரி நிக்கும். பொழி திறந்திருந்தாலும் வெள்ளம் போகாது. ரெண்டாவது, எஃப்.எம்.பி., அதான் சர்வே அளவு வரைபடம், வச்சு ஆத்துக்க அகலத்த அளக்கணும். வரைபடத்துல இருக்க அகலம் தரையில இருக்குன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. பழைய சர்வே கல்லு எங்கயாவது கெடக்கும், அதுல இருந்து தொடங்கலாம்.

தேரூர் ஏலா:
இத முதல்லயே சொல்லியிருக்கலாமே ஓய். ஞாயித்துக்கிழம காலைல நான் வாறேன், சங்கிலி பிடிக்க ஆளும் கூட்டிட்டு வாறேன். தாலுகா ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு எங்க தெருவுல உண்டு.

நாகர்கோவில்காரன்:
நானும் வாறேன். மக்கா பறக்கை, போற வழியில அந்தப் பொந்தக் காட்டு.

பறக்கை நாரை:
ஆறு மணிக்குள்ள வந்தா காட்டுதேன். வெள்ளச்சட்ட போட்டுட்டு வராதீங்க.

ஒழுகினசேரி மருமவ:
கல்லு தேடாண்டாம். எங்க வீட்டுப் பின்பக்கம் ஒண்ணு கெடக்கு, துணி துவைக்கது அதுலதான். நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன், மேல அம்புக்குறி தெரியுது. எங்க தொழுவம் அந்தக் கல்லுக்கு ஆத்துப் பக்கமா இருக்கு. பக்கத்து ரெண்டு வீட்டு அடுக்களையும்.

வாங்க, சாயா போட்டு வைக்கேன். ஆனா நான் கேக்குறதுக்கு முன்ன வீட்டுக்காரருகிட்ட யாரும் கல்லுக்கதை எடுக்காண்டாம்.