பைஸ்டாக் எஞ்சின் சோதனைக்கூடம்: இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பாலாற்றுப் பையன்:
வணக்கம். இங்கிலாந்தில் ஃப்ளீட் ஊருக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. ஊருக்குப் பக்கத்துக் காட்டில் பைஸ்டாக் என்று ஓர் இடம் இருந்ததாம், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணி விமானத்தின் எஞ்சினை அங்கேதான் சோதித்தார்களாம். இணையத்தில் பழைய படங்கள் பார்த்தேன். பெரிய பெரிய நீலக் குழாய்கள், ஆளில்லாத கன்ட்ரோல் ரூம். நேற்று சைக்கிளில் தேடிப் போனால் வரிசையாகப் புது வீடுகள்தான் நிற்கின்றன. நான் தப்பான இடத்துக்குப் போனேனா? உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மேகக்கூட்டம்:
சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். 2000-இல் மூடினார்கள், 2013 வாக்கில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நீங்கள் பார்த்த வீடுகள்தான் ஹார்ட்லேண்ட் வில்லேஜ். பத்து வருடம் லேட் நண்பரே.

டக்ட்காரன்:
நான் 2008 நவம்பரில் உள்ளே போனேன். வேலியில் இருந்த ஓட்டை வழியாக. அது அத்துமீறல்தான், பெருமைக்காகச் சொல்லவில்லை.

எனக்கு ஆல்டர்ஷாட்டில் ஏசி டக்ட் மாட்டும் வேலை. அதற்கு முன்னால் கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெட்டில் நின்றவன். பம்பை மேடையில் ஏற்றி, தண்ணீரை ஓட விட்டு, பிரஷர் கேஜைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். பைஸ்டாக்கும் ஒரு டெஸ்ட் பெட்தான். ஆனால் பம்புக்குத் தண்ணீர் கொடுப்பது லேசு. ஜெட் எஞ்சினுக்கு 60,000 அடி உயரத்துக் காற்றைத் தரையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 14-இல் ஒரு பங்கு. எஞ்சினுக்கு முன்னால் காற்றை ஊத வேண்டும், பின்னால் அதே வேகத்தில் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவது கொஞ்சம் தளர்ந்தாலும் எஞ்சின் கீழே இறங்கி வந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அதனால் அங்கே எஞ்சின் நிற்கும் செல், அதாவது சோதனை அறை, சின்ன விஷயம். ஏர் ஹவுஸ்தான் பெரியது. ஒரே கூடத்தில் எட்டு ராட்சத மெஷின் வரிசையாக நிற்கும். வால்வைத் திருப்பினால் ஊதும், மாற்றித் திருப்பினால் உறிஞ்சும். அங்கிருந்துதான் அந்த நீலக் குழாய்கள் வளாகம் முழுக்க ஓடும். எங்கள் தொழிலில் 600 மில்லிமீட்டர் டக்டே பெரிசு. அங்கே ஒரு குழாய்க்குள் மாருதி ஆம்னியை ஓட்டிக்கொண்டு போகலாம். கூட வந்த போலந்துக்காரன் ஃபோட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான். நான் குழாய்கள் சேரும் ஒவ்வொரு ஃப்ளேஞ்சிலும் போல்ட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

கான்கார்டுக்குக் கட்டியது நான்காவது செல், 1965-இல் திறந்தார்கள். அதில் எஞ்சினை மட்டும் வைக்கவில்லை. விமானத்தில் காற்று நுழையும் வாயையும் சேர்த்து வைத்து, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் காற்றை அதன் மேல் அடித்தார்கள். ஏனென்றால் அந்த வேகத்தில் வரும் காற்றை ஜெட் எஞ்சின் அப்படியே விழுங்காது. வாயில் இருக்கும் சாய்வுப் பலகைகள் ஏறி இறங்கி, ஒலி வேகத்துக்குக் கீழே கொண்டுவந்துதான் உள்ளே விடும். அதற்குள் வெளியே மைனஸ் 56 டிகிரியில் இருந்த காற்று 120 டிகிரிக்குச் சூடாகிவிடும்.

அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். ஏர் ஹவுஸ் அடித்தளத்தில் துருப்பிடித்த இரும்புக் கம்பித் தட்டு (கிரேட்டிங்) ஒன்று கால் வைத்ததும் உடைந்தது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டேன், கெண்டைக்காலில் நல்ல கிழிசல். மறுநாள் டெட்டனஸ் ஊசி. வேலையிடத்தில் பட்டது என்று மனைவியிடம் சொன்னேன். இந்த இணையத்தளத்தை அவள் படிப்பதில்லை. அதைவிட முட்டாள்தனம், குழாய்களைச் சுற்றியிருந்த லேகிங் (வெப்பக்காப்பு உறை) பிய்ந்து தொங்கியது. அது நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்று என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா? மாஸ்க் வேனில் பத்திரமாக இருந்தது!

பாலாற்றுப் பையன்:
அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். இத்தனை செலவு எதற்கு? வேறொரு விமானத்தில் மாட்டிப் பறந்து பார்த்திருக்கலாமே?

டக்ட்காரன்:
அதையும் செய்தார்கள் தம்பி. 1966-இல் வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கடியில் கான்கார்டின் ஒலிம்பஸ் 593 எஞ்சினை மாட்டிப் பறந்தார்கள். ஆனால் வல்கன் ஒலி வேகத்தைத் தாண்டாது. கான்கார்ட் வேலை செய்ய வேண்டியதோ அதற்கு மேலே. இந்த எஞ்சினைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தில் நீண்ட நேரம் பறக்கக்கூடிய விமானம் வேண்டுமானால் முதலில் கான்கார்டையே கட்ட வேண்டும்.

ஓசூர்_மெக்கானிக்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தேஜஸ் போர் விமானத்துக்காகச் செய்த நம் காவேரி ஜெட் எஞ்சின் கதையும் இதுதானே? பெங்களூரில் செய்தோம், உயரச் சோதனைக்கு ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். 2010-இல் மாஸ்கோ பக்கம் இல்யூஷின் 76 சரக்கு விமானத்தில் மாட்டிப் பறந்ததும் அவர்கள் தயவில்தான். எஞ்சின் செய்பவனுக்குச் சொந்தமாக டெஸ்ட் பெட் இல்லையென்றால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பெட்டி கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பைஸ்டாக்கை ஏன் இடித்தார்கள் என்று கேட்டால் வயிறு எரிகிறது.

டக்ட்காரன்:
எரியத்தான் செய்யும். ஆனால் கரன்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆரம்பித்த கதையும் வயிறெரியும் கதைதான். ஜெட் எஞ்சினைக் கொண்டுவந்த ஃபிராங்க் விட்டிலின் பவர் ஜெட்ஸ் கம்பெனியை 1944-இல் அரசு எடுத்துக்கொண்டது. அதையும் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் டர்பைன் பிரிவையும் இணைத்து 1946-இல் இந்த ஆய்வு நிலையத்தை ஆக்கினார்கள். அதே வருடம் விட்டில் பவர் ஜெட்ஸை விட்டு விலகிவிட்டார்.

தம்பி, உங்களுக்கு வேலி தாண்டாமல் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். ஃப்ளீட்டிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டாப் ஃபார்ன்பரோ. அங்கே பிசினஸ் பார்க்குக்குள் விமானங்கள் மேல் காற்றை அடித்துச் சோதித்த பழைய காற்றுச் சுரங்கங்கள் இடிபடாமல் நிற்கின்றன. க்யூ 121 என்ற கட்டடம் 1935-இல் திறந்தது. காற்று வரும் வாய் 24 அடி, விமானத்தை முழுசாகவே நிறுத்திச் சோதிக்கலாம். அதன் ஃபேன் 30 அடி, ஆறு இறக்கை, அத்தனையும் மஹோகனி மரம். 2014-இல் கோடையில் பொதுமக்களுக்குத் திறந்தபோது டிக்கெட் வாங்கிக்கொண்டு, மனைவியோடு, ஒழுங்காகப் போனேன். ஃபேனுக்குக் கீழே நின்றபோது, கோயில் தேரின் சக்கரம் மாதிரி இருக்கிறது என்றாள் அவள். நான் போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தினமும் உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் ஃபார்ன்பரோ ஏர் சயின்சஸ் டிரஸ்ட்டின் மியூசியம் இருக்கிறது, வார இறுதியில் திறப்பார்கள், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற எஞ்சினியர்கள்தான் அங்கே நின்று பேசுவார்கள். பைஸ்டாக் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள்.

பாலாற்றுப் பையன்:
இந்த சனிக்கிழமையே போகிறேன் அண்ணா. ஸ்டேஷனிலிருந்து பஸ் உண்டா?

டக்ட்காரன்:
நடந்தால் அரை மணி நேரம். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.